விருப்பம் தானாக எழாவிட்டால் அது குறையா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். இளையவளுக்குப் பதினொரு மாதம். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். மாமனார், மாமியாருடன் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வசிக்கிறோம். என் கணவர் நல்லவர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனால் தாம்பத்திய உறவில் மட்டும் எங்களுக்குள் ஓயாத மனக்கசப்பு. அவருக்கு எப்போதும் ஆசை இருக்கிறது. எனக்கு அது தானாக வருவதே இல்லை. அவர் தொடங்கிச் சிறிது நேரம் ஆன பிறகு சில நாட்களில் எனக்கும் பிடித்துப்போகிறது. பல நாட்களில் எப்போது முடியும் என்றுதான் இருக்கிறது; சில நாட்களில் எரிச்சலும் வலியும் உண்டு. மனதில் துளியும் விருப்பம் இல்லாத சில வேளைகளில்கூட உடலில் ஈரம் கசிகிறது. அதைக் காட்டி, "உனக்கும் ஆசைதான், மறைக்கிறாய்" என்கிறார். ஆண்களின் மூளையே வேறு, அவர்கள் ஏழு நொடிக்கு ஒருமுறை இதைப் பற்றித்தான் நினைக்கிறார்கள் என்று ஒரு வீடியோவைக் காட்டினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்மையிலேயே இவ்வளவு வித்தியாசம் உண்டா? அல்லது எனக்குத்தான் ஏதேனும் குறையா? இதற்கு மாத்திரை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பல கேள்விகளைக் கேட்டிருந்தாலும் உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்வது "எனக்குத்தான் குறையா?" என்பதுதான் என்று தோன்றுவதால், அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்க்கும்போது உங்களுக்குப் பாலியல் குறைபாடு இருப்பதாக நான் கருதவில்லை. நெருக்கம் தொடங்கிய பிறகு மெல்ல எழுகிற விருப்பமும் விருப்பமே. கவனிக்க வேண்டியவை என்று நான் நினைப்பவை வேறு: அந்த வலி, உங்கள் உடல் இப்போது இருக்கும் நிலை, நீங்கள் இருவரும் விருப்பத்தை அளக்கப் பயன்படுத்தும் அளவுகோல்.

வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. அதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் உங்கள் கணவர் காட்டிய வீடியோ சொல்வதுபோல அல்ல. ஏழு நொடிக்கு ஒருமுறை என்றால், விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் எட்டாயிரம் தடவைக்கு மேல் வருகிறது. அப்படி ஒருவரால் வேலையும் செய்ய முடியாது, வண்டியும் ஓட்ட முடியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒவ்வொரு முறை நினைவு வரும்போதும் அழுத்துவதற்கு ஓர் எண்ணிக்கைக் கருவியை மாணவ மாணவியர் கையில் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, நடுத்தரமான ஓர் ஆண் மாணவர் ஒரு நாளில் ஏறத்தாழ 19 முறையும் ஒரு மாணவி ஏறத்தாழ 10 முறையும் பாலுறவைப் பற்றி நினைத்திருக்கிறார்கள். அதே ஆய்வில் உணவைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும்கூட ஆண்களே அதிகம் நினைத்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே, ஆண்கள் காமத்தை மட்டும் அதிகம் நினைக்கிறார்களா, அல்லது தங்கள் உடலின் தேவைகள் எல்லாவற்றையுமே கூச்சமின்றிக் கவனித்து எண்ணிக்கொள்ளப் பழகியிருக்கிறார்களா என்ற ஐயம் எழுகிறது. பெண் குழந்தைக்கு வயது வந்ததிலிருந்து "அடக்கம்" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது.

இதைவிடப் பெரிய சான்று 2022இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு. 211 ஆய்வுகளையும் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரையும் அது உள்ளடக்கியது. பாலியல் எண்ணம், விருப்பம், சுயஇன்பம் ஆகிய மூன்றிலும் ஆண்களின் சராசரி பெண்களின் சராசரியைவிடத் தெளிவாகவே கூடுதல் என்பது அதன் முடிவு. ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தியே தவிர, எதிரே நிற்கும் ஓர் ஆளைப் பற்றிய செய்தி அல்ல. அதே ஆய்வின் கணக்குப்படி, ஏறத்தாழ நான்கு பெண்களில் ஒருவருக்குச் சராசரி ஆணைவிட அதிகமான வேட்கை இருக்கிறது. என்னிடம் வரும் தம்பதியரில், மனைவிக்கு விருப்பம் அதிகமாகவும் கணவருக்குக் குறைவாகவும் இருப்போர் அரிதல்ல. அந்த ஆண்கள் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஊருக்கு ஊர் சுற்றிக் கடைசியில் வருகிறார்கள், அவ்வளவுதான். "ஆணின் மூளை வேறு" என்பதும் இதே வகையான பாதி உண்மை. 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்து இஸ்ரேலைச் சேர்ந்த டாஃப்னா ஜோயல் குழுவினர் 2015இல் காட்டியது, பெரும்பாலானோரின் மூளையில் ஆண்களிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் பெண்களிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் கலந்தே இருக்கின்றன என்பதைத்தான்.

எனவே அளவில் உள்ள வித்தியாசத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. உங்கள் வீட்டில் சிக்கலை உண்டாக்குவது விருப்பம் எழுகிற வழியில் உள்ள வித்தியாசம்.

பல காலமாக மருத்துவ நூல்களில் ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. 1966இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஆய்வுக்கூடத்தில் அளந்து, கிளர்ச்சி தொடங்கி உச்சம் வரையிலும் அதற்குப் பின்னரும் உடலில் நிகழும் மாற்றங்களை வரிசைப்படுத்தினார்கள். 1970களின் இறுதியில் பாலியல் சிகிச்சையாளர் ஹெலன் சிங்கர் கப்லான், அந்த வரிசைக்கு முன்னால் "விருப்பம்" என்ற படியைச் சேர்த்தார். முதலில் ஆசை, பிறகு கிளர்ச்சி, பிறகு உச்சம். உங்கள் கணவர் மனதில் இருப்பது இந்த வரிசை. உங்கள் மனதில் இருப்பதும் இதுவே. அதனால்தான் முதல் படி வராத பெண் தன்னைக் குறையுள்ளவள் என்று எண்ணிக்கொள்கிறாள். கனடாவின் வான்கூவர் நகரில் பெண்களுக்குச் சிகிச்சையளித்துவந்த மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டில் இந்த வரிசையை மறுத்து எழுதினார். நீண்டநாள் உறவில் இருக்கும் பெண்கள் பலர், ஆசையோடு தொடங்குவதில்லை. கணவருடன் நெருக்கமாக இருக்க வேண்டும், அன்பை உணர வேண்டும் என்பது போன்ற ஒரு மனநிலையோடு தொடங்குகிறார்கள். தொடுதல் இதமாகவும் சூழல் தோதாகவும் இருந்தால் கிளர்ச்சி வருகிறது. கிளர்ச்சி வந்த பின்னரே ஆசை வருகிறது. அந்த அனுபவம் நன்றாக அமைந்தால் அடுத்த முறைக்கான மனநிலை அதிலிருந்தே பிறக்கிறது என்பது அவர் சொன்ன கருத்து. "அவர் தொடங்கிச் சிறிது நேரம் ஆன பிறகு எனக்கும் பிடித்துப்போகிறது" என்று நீங்கள் எழுதிய வரி இதுதான். இது ஆண்களுக்கும் பொருந்தும். ஐம்பது வயதைத் தாண்டிய பல கணவர்களின் விருப்பம் இந்த வழியில்தான் எழுகிறது.

ஆனால் இந்தக் கருத்தை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "தொடங்கினால் தானாக வந்துவிடும், ஆகவே மறுக்காதே" என்று மனைவியிடம் சொல்வதற்கு இது உரிமம் அல்ல. தொடங்குவதற்கு மனம் ஒப்ப வேண்டும். தொடங்கிய பிறகும் வேண்டாம் என்று நிறுத்த முடிய வேண்டும். பிடிக்காத உறவைச் சகித்துக்கொள்ளும் ஒவ்வொரு இரவும் அடுத்த இரவுக்கான விருப்பத்தை மேலும் குறைத்துவிடுகிறது. "எப்போது முடியும்" என்று நீங்கள் எண்ணிக்கொண்டு படுத்திருந்த நாட்கள் உங்கள் மூளையில் கணக்கில் ஏறியிருக்கின்றன. இப்போது ஆசை தலைகாட்டாததற்கு அந்த நாட்களும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்த ஈரத்தைப் பற்றி. இந்தப் பதிலில் உங்கள் கணவர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உடலின் பிறப்புறுப்புப் பகுதியில் நிகழும் மாற்றமும் மனதில் உணரும் கிளர்ச்சியும் ஒன்றல்ல. கனடாவைச் சேர்ந்த மெரிடித் சிவர்ஸும் அவரது குழுவினரும் 2010இல், 132 ஆய்வுகளில் பங்கேற்ற 4,400க்கும் மேற்பட்ட ஆண், பெண்களின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடல் காட்டும் எதிர்வினைக்கும், "எனக்குக் கிளர்ச்சியாக இருக்கிறது" என்று அவர்களே சொன்னதற்கும் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்பதே கேள்வி. முழுப் பொருத்தம் 1 என்று வைத்துக்கொண்டால், ஆண்களிடம் அது 0.66 ஆகவும் பெண்களிடம் 0.26 ஆகவும் இருந்தது. அதாவது ஒரு பெண்ணின் உடலைப் பார்த்து அவள் மனதைக் கணிப்பது மிகவும் தவறிப்போகக்கூடிய கணிப்பு. பாலியல் தொடர்பான எந்தத் தூண்டலைக் கண்டாலும், அது விரும்பத்தக்கதா இல்லையா என்று மனம் முடிவு செய்வதற்கு முன்பே, அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடி ஈரம் கசிகிறது. உறவு நிகழ்ந்தால் உட்தோலில் காயம் படாமல் காக்கும் ஓர் ஏற்பாடாக இது இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் விளக்கம். வன்புணர்வுக்கு ஆளான பெண்களில் சிலருக்கும் உடல் இவ்வாறு எதிர்வினை காட்டியிருப்பது மருத்துவப் பதிவுகளில் உண்டு. அவர்கள் அதற்காக ஆண்டுக்கணக்கில் தங்களையே வெறுத்து வாழ்ந்திருக்கிறார்கள். ஈரம் சம்மதமாகாது, ஆசைக்கான சான்றும் ஆகாது. இதன் மறுபக்கமும் உண்மையே: மனம் முழுவதும் விருப்பம் நிறைந்திருக்கும்போதும் உடல் வறண்டிருக்கலாம், பாலூட்டும் காலத்தில் அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் கணவருக்கு இது விளங்கவில்லை என்றால், விடியற்காலையில் ஆண்களுக்கு ஏற்படும் விறைப்பை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறக்கத்தின் ஒரு கட்டத்தில் நரம்பு மண்டலம் தானாகச் செய்யும் வேலை அது. கண் விழித்ததும் அவருக்கு அலுவலக நினைவோ சிறுநீர் கழிக்கும் அவசரமோ இருக்கலாம். அந்த நேரத்தில் யாரேனும் அவரிடம் "உன் உடலே சொல்கிறதே, நீ ஆசையை மறைக்கிறாய்" என்றால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரி, உங்களுக்கு மனநிலை ஏன் அமைவதில்லை? அமெரிக்காவின் பாலியல் ஆய்வு மையமான கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேன்கிராஃப்ட், எரிக் யான்சன் இருவரும் 2000ஆம் ஆண்டு வாக்கில் முன்வைத்த ஒரு விளக்கத்தை நான் என் அறையில் அடிக்கடி பயன்படுத்துகிறேன். மூளையில் பாலியல் கிளர்ச்சியைத் தூண்டும் அமைப்பு ஒன்றும், அதை அடக்கி நிறுத்தும் அமைப்பு ஒன்றும் தனித்தனியே இயங்குகின்றன. வண்டியில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போல. ஆண், பெண் இருவருக்கும் இரண்டும் உண்டு. சராசரியாகப் பார்த்தால் பெண்களிடம் பிரேக் எளிதில் விழுகிறது. விருப்பம் இல்லை என்று வரும் பெண்களில் பலருக்கு ஆக்சிலேட்டரில் பழுது இருப்பதில்லை, காலோ பிரேக்கின் மேல் இருக்கிறது. கணவர் மேலும் மேலும் ஆக்சிலேட்டரை மிதித்துப் பயனில்லை.

உங்கள் இரவு ஒன்றை நீங்கள் எழுதியவற்றிலிருந்தே என்னால் ஊகிக்க முடிகிறது. பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி, மாவைக் கரைத்து வைத்துவிட்டு, மகனின் பள்ளிச் சீருடையை எடுத்து வைத்துக்கொண்டு அறைக்குள் வருகிறீர்கள். குழந்தை நடுவில் படுத்திருக்கிறாள். பாலுக்காக இன்னும் இரண்டு மணி நேரத்தில் எழுவாள். சுவருக்கு அப்பால் மாமனார் இருமும் சத்தம் கேட்கிறது. நாள் முழுவதும் யாரோ ஒருவர் உங்கள் உடலைப் பிடித்துக்கொண்டும் தொங்கிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அப்போது தோளில் ஒரு கை விழுகிறது. அந்தக் கை அன்பாக விழுந்தாலும், அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருப்பதால், உடல் இறுகிக்கொள்கிறது; மனம் எத்தனை மணி நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறது. உங்கள் கணவருக்கோ அதே கை அன்றைய பாரத்தை இறக்கிவைக்கும் வழி. பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, மனச்சுமையை இறக்க உடல் நெருக்கம் உதவுகிறது. பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மனச்சுமை இறங்கினால்தான் உடல் நெருக்கமே முடிகிறது. சிந்தனை முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்று எதையேனும் சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன். இதிலும் எத்தனை பங்கு பிறவி, எத்தனை பங்கு வீட்டு வேலைப் பங்கீடு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், அந்தப் பங்கீட்டுக்கும் விருப்பத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கணவரும் குழந்தைகளும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி, 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையில் பெரும்பங்கைத் தானே சுமக்கும் பெண்ணுக்குக் கணவர் மீதான பாலியல் விருப்பம் குறைவாக இருப்பது தெரியவந்தது. அது நியாயமற்றது என்ற எண்ணம் ஒரு காரணம். கணவரும் தான் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு குழந்தை என்று தோன்றத் தொடங்கிவிடுவது மற்றொரு காரணம். பிரிட்டனில் 2010 முதல் 2012 வரை நடந்த தேசியப் பாலியல் நடத்தைக் கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டுக்குள் மூன்று மாதமோ அதற்கு மேலோ பாலுறவில் ஆர்வம் இல்லாமல் இருந்ததாகச் சொன்ன ஆண்கள் 15 சதவீதம், பெண்கள் 34 சதவீதம். சிறு குழந்தைகள் வீட்டில் இருப்பது பெண்களின் ஆர்வக் குறைவோடு தொடர்புடையதாக இருந்தது. ஆண்களிடம் அப்படி இல்லை. அதே குழந்தைகள், அதே வீடு. தாம்பத்தியத்தைப் பற்றித் துணையிடம் எளிதாகப் பேச முடிந்தவர்களிடம், ஆண், பெண் இருபாலரிலும், இந்தச் சிக்கல் குறைவாக இருந்தது.

இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: உறவில் உங்களுக்கு உச்சம் கிடைக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பெரும்பாலான பெண்கள் எழுதுவதில்லை. தங்களுக்கு அது உரியது என்றே நினைப்பதில்லை. அமெரிக்காவில் 52,000க்கும் அதிகமானோரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், உறவின்போது வழக்கமாக உச்சம் அடைவதாகச் சொன்னவர்கள், பெண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களில் 95 சதவீதம், ஆண்களுடன் உறவு கொள்ளும் பெண்களில் 65 சதவீதம். ஆனால் பெண்களுடன் உறவு கொள்ளும் பெண்களில் அது 86 சதவீதம். உச்சம் கிடைக்காததற்குப் பெண்ணுடலின் இயல்பே காரணமென்றால் இந்தக் கடைசி எண் இவ்வளவு உயர்ந்திருக்க முடியாது. பெண்ணின் இன்பத்துக்குரிய முக்கிய உறுப்பு யோனிவாயின் மேற்பகுதியில் இருக்கும் கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது அதன் நுனி மட்டுமே, பெரும்பகுதி உள்ளே விரிந்திருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இல் விரிவாக விளக்கினார். வெறும் உடற்சேர்க்கையால் அது போதிய அளவு தூண்டப்படுவதில்லை என்பதால், பல பெண்களுக்குக் கையாலோ வேறு வகையிலோ நேரடித் தொடுதல் தேவைப்படுகிறது; அதற்கு நேரமும் தேவைப்படுகிறது. இன்பம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே இல்லாத ஒரு செயலுக்கு ஆசை தானாக எழவில்லை என்று வருந்துவது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம்.

இனி உங்கள் உடல்நிலை. பாலூட்டும்போது பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. அதனால் யோனியின் உட்தோல் மெலிந்து வறண்டு, உறவின்போது எரிகிறது. இது இயற்கையான நிலை, பாலூட்டல் குறையும்போது மாறிவிடும். அதுவரை மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல்லைப் பயன்படுத்துங்கள். ஆணுறை பயன்படுத்துவதானால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால் லேடக்ஸ் ஆணுறை எளிதில் கிழியும். வலி தொடர்ந்தால், அல்லது தையல் போட்ட இடத்தில் சுரீரென்று இருந்தால், மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் உள்ளே தடவ மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தருவார். வலியைப் பொறுத்துக்கொண்டு உறவு கொள்வது கூடவே கூடாது. வலிக்கும் என்று கற்றுக்கொண்ட உடல் அடுத்த முறை முன்கூட்டியே இறுகும், இறுகினால் மேலும் வலிக்கும்.

மீண்டும் கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற அச்சமும் பெரிய பிரேக். பால் கொடுக்கும் வரை கர்ப்பம் தரிக்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் வராமல் இருந்தால்தான் நம்பத்தக்கது. பதினொரு மாதத்தில் அதை நம்பி இருக்காதீர்கள். காப்பர்-டியோ வேறு கருத்தடை முறையோ மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அப்படியே தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பரிசோதித்துவிடுவது நல்லது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் இவை இரண்டும் குறைந்து, சோர்வும் ஆர்வமின்மையும் வருவது சாதாரணம். மாத்திரை ஏதேனும் எடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றை எடுத்துக்கொண்டிருந்தால், விருப்பமும் உச்சமும் குறைவது அவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. எதிலும் மகிழ்ச்சி இல்லை, அழுகை வருகிறது, குழந்தையிடம்கூட மனம் ஒட்டவில்லை என்ற நிலை இருந்தால், அது தாம்பத்தியப் பிரச்சினை அல்ல, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. அதற்குத் தாமதமின்றிச் சிகிச்சை வேண்டும்.

விருப்பத்துக்கென்று மாத்திரை கேட்டீர்கள். ஆண்களின் விறைப்புக்குத் தரும் சில்டெனாபிலைப் பெண்களிடம் பல ஆண்டுகள் சோதித்துவிட்டு, அதைத் தயாரித்த நிறுவனமே 2004இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. இரத்த ஓட்டம் கூடியது, விருப்பம் கூடவில்லை. மேலே சொன்ன ஈரத்தின் கதையை இது இன்னொரு வகையில் உறுதிசெய்கிறது. பெண்களின் விருப்பக் குறைவுக்காக ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி அளித்தது. அதன் பயன் மிகச் சிறியது, மயக்கமும் இரத்த அழுத்தக் குறைவும் வரக்கூடும், பாலூட்டும் தாய்மார்களுக்கு அது உகந்ததும் அல்ல. இணையத்திலும் இரவுநேரத் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் மூலிகை என்ற பெயரில் விற்பவற்றை வாங்கவே வாங்காதீர்கள். அத்தகைய பொருட்களில் அறிவிக்காமல் சில்டெனாபிலைக் கலந்து விற்றது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 

செய்யக்கூடியது என்னவென்றால், முதலில் ஒரு மாதத்துக்கு உடலுறவை நீங்கள் இருவரும் பேசி ஒதுக்கி வையுங்கள். தண்டனையாக அல்ல, தோளில் விழும் கைக்கு அதன் பழைய பொருளை மீட்டுத் தருவதற்காக. மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் வகுத்த முறையின் சாரம் இதுதான். வாரத்தில் இரண்டு நாள், குழந்தைகள் தூங்கிய பிறகோ, அவர்களைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டுப் பகலிலோ, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் தொட, மற்றவர் எந்தத் தொடுதல் இதமாக இருக்கிறது, எது இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் மார்பையும் பிறப்புறுப்பையும் தொடக் கூடாது. கிளர்ச்சி வந்தாலும் சேர்க்கை கிடையாது. அடுத்த வாரங்களில் அந்தப் பகுதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சேர்க்கைக்கு மட்டும் மாத முடிவு வரை இடமில்லை. இந்த விதியில்தான் பயனே இருக்கிறது: எங்கே போய் முடியுமோ என்ற கணக்கு நின்றுவிட்டால் உடல் இறுகுவது நின்றுவிடும். பல தம்பதியர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று அலட்சியமாகத் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் வேறு முகத்தோடு வருகிறார்கள். அறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுவதும், இரவு வேலைகளில் பாதியை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்வதும் இந்தச் சிகிச்சையின் பகுதிகளே. மாவு கரைப்பதும் சீருடை எடுத்து வைப்பதும் ஆண்களால் முடியாத வேலைகள் அல்ல.

உங்கள் கணவருக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். தம்பி, மறுக்கப்படுவது வலிக்கும் என்பதை நான் அறிவேன். பல ஆண்களுக்கு நெருக்கம் கேட்பது உடல் பசி மட்டும் அல்ல, "என்னை உனக்குப் பிடித்திருக்கிறதா" என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. அதை வாயால் கேட்க நம் ஆண்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை. ஆனால் நீண்டநாள் உறவில் இருக்கும் ஆண்கள், தங்கள் துணையின் விருப்பத்தை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதைக் கனடாவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மனைவி உங்களை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. சில நாட்களில் தனக்குப் பிடித்துப்போகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சில நாட்களில் என்ன வேறுபாடு இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் உடலைச் சான்றாகக் காட்டி வாதிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இதே நிலையில் இருந்து இதைப் படிக்கும், ஆனால் நல்ல கணவர் வாய்க்காத பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மறுத்தபின்பும் வற்புறுத்துவது, அடிப்பது, பணம் தர மறுப்பது, பிள்ளைகளிடம் கோபத்தைக் காட்டுவது ஆகியவை விருப்ப வேறுபாடு அல்ல, வன்முறை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகவே வரையறுக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

எப்போது இதை நோய் என்று கருத வேண்டும் என்று கேட்டால், மருத்துவத்தில் அதற்கு வரையறை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கையேடு, பெண்களில் விருப்பக் குறைவையும் கிளர்ச்சிக் குறைவையும் ஒரே பிரிவில் சேர்த்தது. பாலியல் எண்ணம், தொடக்கத்துக்கு இசைவது, உறவின்போது இன்பம், தூண்டலுக்கு எதிர்வினை போன்றவற்றில் பலவும் ஆறு மாதமாவது மிகவும் குறைந்திருந்து, அது அந்தப் பெண்ணுக்கே வேதனை தந்தால் மட்டுமே அது குறைபாடு. கணவரைவிட விருப்பம் குறைவு என்பது மட்டும் குறைபாடு ஆகாது என்று அந்தக் கையேடு தனியாகவே குறிப்பிடுகிறது.

மேலே சொன்ன பரிசோதனைகளை முடித்து, மூன்று மாதம் இம்முறையில் முயன்ற பிறகும் மாற்றம் தெரியவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். வெளிநோயாளர் சீட்டு வாங்கும் இடத்தில் "குடும்ப ஆலோசனை" என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: நீங்கள் தனியாகப் போகாதீர்கள், உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் வர மறுத்தால், இந்தப் பதிலை முதலில் அவரைப் படிக்கச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.